விருப்பம் என்று எழுதியிருக்கும் இடம்

நான் போன பிறகு இரண்டாவது கணினிக்கு முன்னால் இருக்கப்போகிற உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுதுகிறேன். எந்தப் படிவத்துக்கு எந்தத் தளம், எந்தக் கடவுச்சொல் என்பதெல்லாம் முதலாளி கேட்டபடி ஒரு தாளில் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். அதை ஒரு மத்தியானத்துக்குள் பழகிவிடுவீர்கள். இந்தக் கொப்பியில் இருப்பது வேறு. இதை எழுதச் சொல்லி முதலாளி கேட்கவில்லை.

அனுபவம் சொல்கிற வயது எனக்கு இல்லை. இருபத்தேழுதான். படிப்பும் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, கணக்குத்தான் என்னை வெளியே தள்ளியது. அப்படிப்பட்ட நான் ஏழு வருடம் இந்தக் கதிரையில் இருந்து, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் எதைப் படிக்க வேண்டும் என்று அடித்து அனுப்பியிருக்கிறேன். நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் என்னை விட்டது? ஏன் ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை?

என் தங்கச்சி ஜெனி செத்து நாலு மாதம். டெங்கு. அவள் ஒரு கணினி விஞ்ஞான மாணவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடையில் சொன்னால் என்னால் மிச்சத்தை எழுத முடியாது.

எங்கள் போட்டோக்கொப்பிக் கடை ரியூசன் கொட்டில்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் உயர்தரப் பரீட்சை முடிவு வந்த கையோடு சனம் நிறைந்துவிடும். "கோட் அடிக்க வந்தனாங்கள்" என்பார்கள். உங்களுக்கு இந்தப் பேச்சு புதிது என்றால் சொல்கிறேன். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு குறியீடு உண்டு. பிள்ளை அந்தக் குறியீடுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகத் தர வேண்டும். அதை நாங்கள் கணினியில் அடிப்பதைத்தான் கோட் அடிக்கிறது என்கிறோம். ஆனால் படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு மேலே வேறு சொல் இருக்கிறது. 'விருப்ப ஒழுங்கு' என்று இருக்கிறது. ஜெனி சொல்லும்வரை அந்தச் சொல்லை எங்கள் கடையில் ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. என் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு தடவை.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. அவர் எனக்குச் சொல்லித் தந்தது, அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்தது. போன வருடம் ஒவ்வொரு படிப்புக்கும் தேவைப்பட்ட ஆகக் குறைந்த புள்ளியை, அதாவது வெட்டுப்புள்ளியை, பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருப்பார். அதில் பிள்ளையின் புள்ளிக்கு நிச்சயம் கிடைக்கும் படிப்பை முதலாவதாகப் போட வேண்டும், எட்டாததை எல்லாம் கீழே தள்ள வேண்டும். அதுதான் கடையின் சட்டம்.

"முதலாவதாப் போட்டவனுக்குத்தான் முதல் குடுப்பாங்கள். இரண்டாவதாப் போட்டவனுக்கு மிச்சம் மீதிதான். அந்த முதலாவது இடத்தைக் கொண்டுபோய் வீணாக்கப்படாது, விளங்கிச்சோ?"

எனக்கு விளங்கியது. பஸ்ஸில் சீட் பிடிப்பது மாதிரி என்று விளங்கியது. வரிசையில் முன்னுக்கு நிற்கிறவனுக்குத்தானே கிடைக்கும்? அது பிழை என்று எழுதிய பல்கலைக்கழக அனுமதிக் கைநூல் எங்கள் கடையிலேயே கட்டுக் கட்டாகக் கிடந்தது. நான்தான் அதை விற்றேன். ஒரு பக்கம் கூட வாசிக்கவில்லை.

பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்கவும் இல்லை, அந்த ஒரு தடவையைத் தவிர. அச்சுவேலியிலிருந்து ஒரு தகப்பன் மகனோடு வந்தார். எனக்கு முன்னால் இருந்த கதிரையில் தகப்பன் இருந்தார். மகன் பின்னால் நின்றான். அப்போது நான் வேலைக்குப் புதியவன், அதனால் கேட்டுவிட்டேன்.

"தம்பிக்கு என்ன படிக்க விருப்பம்?"

தகப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவருக்கு அப்பிடியான பழக்கம் ஒண்டும் இல்லை. நீங்கள் அடியுங்கோ."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். மகனும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் இப்போது எனக்கு நினைவில் நிற்கிறது. பதினாறு கோட் அடித்தேன், எல்லாம் தகப்பனின் தாளிலிருந்து. அந்தப் பெடியன் ஒரு தடவையும் திரையைப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, திரை என் பக்கம் திரும்பியிருந்தது.

இப்போது ஜெனி.

நாங்கள் குருநகர். அப்பா கடலுக்குப் போகிறவர். ஜெனி உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் எடுத்தாள். மூன்றாவதாக இரசாயனம் எடுக்காமல் தகவல் தொழில்நுட்பம் எடுத்தாள். அதற்கு அவள் கேட்ட ஏச்சு கொஞ்சமில்லை. கோயில் முற்றத்தில் பூசை முடிந்து நிற்கும்போதே கேட்பார்கள்.

"கெமிஸ்ரி இல்லையோ? அப்ப இஞ்சினியர் வரேலாதே பிள்ளை?"

"வரேலாது அன்ரி."

"அப்ப என்னத்துக்கு உந்தக் கணக்கைப் போட்டு உருட்டுறாய்?"

"உருட்ட விருப்பம், உருட்டுறன்."

அவள் அப்படித்தான். வாய் கொஞ்சம் கூடத்தான். ஒரு நாள் அப்பா வலைத்துண்டொன்றைச் சரிவாக வெட்டுவதற்கு வலைக்கண்களை எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை கண்ணுக்கு ஒரு கண் விட வேண்டும் என்று பிழைத்துப்போனால் துண்டு கோணிவிடும். ஜெனி பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, இரண்டு நாளில் தன் போனில் ஒன்றைச் செய்துகொண்டு வந்தாள். இரண்டு பக்க நீளத்தையும் கொடுத்தால் அது எண்ணிச் சொல்லும்.

"உதென்ன, சாத்திரம் பாக்குதோ?" என்றார் அப்பா.

அன்றைக்கு அவர் தன் பாட்டில் எண்ணித்தான் வெட்டினார். பிறகு அது சொன்ன எண்ணோடு ஒளித்து ஒளித்து ஒத்துப்பார்த்ததை நான் கண்டேன். அடுத்த முறை வலையை விரித்துப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "பிள்ளை, உன்ரை சாத்திரக்காரனை ஒருக்கால் கேள்."

அவளுக்குக் கணினி விஞ்ஞானம்தான் வேண்டும். முடிவு வந்தபோது தன் ஒழுங்கை ஒற்றைக் கொப்பித்தாளில் எழுதி என்னிடம் தந்தாள். முதலாவது கணினி விஞ்ஞானம். இரண்டாவதும் அதுவே, வேறு பல்கலைக்கழகத்தில். மூன்றாவதாகத்தான் கணிதப் பாடங்கள் படிக்கிற பொதுவான விஞ்ஞானப் பட்டம். சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். போன வருட வெட்டுப்புள்ளிக்கு அவளுடைய புள்ளி சொற்பம் குறைவு. மூன்றாவதாக அவள் எழுதியதற்கோ தாராளமாகக் காணும்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "தங்கச்சின்ரையோ? யோசிச்சுச் செய். உன்ரை வீட்டிலை கம்பஸ் போற முதல் ஆள்."

யோசித்தேன். அதுதான் கேவலம், யோசித்துத்தான் செய்தேன். பயந்தேன். அவள் எங்கும் போகாமல் இந்தக் கடையில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்துவிடுவாளோ என்று பயந்தேன். மூன்றாவதைத் தூக்கி முதலாவதாகப் போட்டேன்.

அச்சடித்த படிவத்தில் அவள் கையெழுத்து வைக்க வேண்டும். அவள் பஸ்ஸுக்கு அவசரமாக நின்றாள். தாள்களை மடித்து, கையெழுத்து வைக்கிற இடம் மட்டும் மேலே தெரிகிற மாதிரி நீட்டினேன்.

"எல்லாம் சரியோ அண்ணை?"

"ஓம், சரி. வை."

வைத்தாள். அண்ணன் அடித்தது என்பதால் விரித்துப் பார்க்கவில்லை.

அந்த முறை வெட்டுப்புள்ளி இறங்கியது. கணினி விஞ்ஞானத்துக்கு அவளுடைய புள்ளி போதுமாக இருந்தது. அவளுக்குக் கிடைத்ததோ முதலாவதாக நான் போட்டது. முதலாவது கிடைத்துவிட்டால் இரண்டாவதை யாரும் பார்க்க மாட்டார்கள். அவள் கடைக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. விற்பனைக்கு வைத்த கட்டிலிருந்து ஒரு கைநூலை உருவி, ஒரு பக்கத்தை விரித்து, என் விசைப்பலகைக்கு மேல் வைத்தாள்.

"வாசி."

"ஜெனி, சனம் நிக்குது."

"நிக்கட்டும். சத்தமா வாசி."

வாசித்தேன். பிள்ளையின் விருப்பங்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். முதலாவதுக்குப் புள்ளி காணாவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள். அதை முதலாவதாகப் போட்டவனுக்கும் மூன்றாவதாகப் போட்டவனுக்கும் ஒரே புள்ளிதான் கணக்கு. மேலே கேட்டது கிடைக்கவில்லை என்பதற்காகக் கீழே கேட்டது குறைந்துபோகாது. இவ்வளவுதான். நாலு வரி. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கே ஒரு வாசிப்பில் விளங்கியது.

"நீ ஏன் மாத்தினனீ?"

"பயத்திலை செய்திட்டன். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதானே ஜெனி, அதிலையும் கணக்குத்தானே..."

"நூலும் வலையும் ஒண்டோ?" என்று கேட்டாள். பிறகு கைநூலில் இருந்த மாதிரிப் படிவத்தில் விரலை வைத்தாள். "அண்ணை, உதிலை விருப்பம் எண்டுதான் எழுதிக்கிடக்கு. பயம் எண்டு எழுதேல்லை."

மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. சரியான தண்டனை.

முதலாளியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு முறை வாசித்தார். பிறகு சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"இனிமேல் சரியா அடிப்பம். பழசைப் பற்றி ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. கடையை உடைச்சுப் போடுவாங்கள்."

நானும் மூச்சு விடவில்லை. அவரைத் திட்டுகிறேனே, நானும் அதைத்தானே செய்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி அடித்தேன் என்று எனக்கே தெரியாது.

ஜெனி கிடைத்த படிப்புக்கே போனாள். அங்கே முதல் சில மாதம் எல்லாருக்கும் பொதுவான பாடங்கள், அதன் பிறகு மூன்று பாடம் தெரிவு செய்ய வேண்டும். தூய கணிதம், பிரயோக கணிதம், புள்ளிவிபரவியல், பௌதிகவியல், கணினி விஞ்ஞானம் என்று இருக்கும். கணினி விஞ்ஞானத்துக்கு இடம் குறைவு, கேட்கிறவர்கள் கூட. இங்கேயும் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். 'பொம்பிளைப் பிள்ளைக்கு ரீச்சிங்தான் நல்லது, கொம்பியூட்டரைக் கேட்டுக் கிடையாட்டி நல்ல பாடம் ஒண்டும் மிஞ்சாது' என்றார்கள். அதே பஸ் சீட் கதை. படித்தவர்கள் சொன்னார்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அந்தத் தெரிவுப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கள் கடைக்கே வந்தாள். வேறு கடைக்குப் போயிருக்கலாம்.

"எழும்பு அண்ணை."

எழும்பினேன். என் கதிரையில் இருந்தாள். வயரை இழுத்து, திரையைச் சனம் இருக்கும் பக்கம் பார்க்கத் திருப்பினாள். பிறகு என்னை எதிர்க் கதிரையில் இருக்கச் சொன்னாள். முதன்முதலாக அந்தக் கதிரையில் இருந்தேன். அங்கே இருந்தால் மேசை உயரமாகத் தெரிகிறது. பரீட்சை மண்டபத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

கணினி விஞ்ஞானத்தை முதலில் அடித்தாள். பிறகு கணிதம் இரண்டும். அச்சடித்து, தாளை முழுதாக விரித்து என் முன்னால் வைத்து, ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டு வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாள். எழும்பும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எங்களுக்குள் சமாதானம் என்றால் அவ்வளவுதான்.

கேட்டது கிடைத்தது. மழை தொடங்கியது. காய்ச்சல் வந்தது. ஏழு நாள். அவளுக்குக் கணினி விஞ்ஞான வகுப்பில் இருக்கக் கிடைத்தது ஒரு மாதமும் இல்லை. நான் மட்டும் அவள் தந்த தாளை அப்படியே அடித்திருந்தால் தொடங்கிய நாளிலிருந்தே அவள் அதைத்தான் படித்திருப்பாள். அப்படியும் காய்ச்சல் வந்திருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் விரும்பியதற்குள் இருந்த நாட்களில் இருந்து நான் களவெடுத்தேன். அதை யாரும் எனக்கு ஆறுதல் சொல்லி இல்லையென்று ஆக்க வேண்டாம்.

கண்ணீர் அஞ்சலித் துண்டை நான்தான் அடித்தேன். நீ விடு, நான் அடிக்கிறேன் என்று முதலாளி சொன்னார். நான் விடவில்லை. என்ன போடுவது என்று செத்தவீட்டில் இருந்து ஆட்கள் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'பல்கலைக்கழக மாணவி' என்றால் காணும் என்றார் ஒருவர். 'விஞ்ஞான மாணவி' என்று போடு, எடுப்பாக இருக்கும் என்றார் இன்னொருவர். எடுப்பு! அவளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு எடுப்பைப் பற்றிக் கதைக்கிறார்கள். நான் 'கணினி விஞ்ஞான மாணவி' என்று அடித்தேன். என் தங்கச்சியின் விருப்பத்தை நான் சரியாக அடித்தது அந்த ஒரு தடவைதான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வேலைக்குத் திரும்பினேன். திரை திரும்பவும் பழைய பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் திருப்பினேன். கொஞ்ச நாளில் அடுத்த கோட் அடிப்புத் தொடங்கியது.

போன கிழமை வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு பிள்ளை தன் தாய்மாமனோடு வந்தாள். மாமன் கையில் தாள் இருந்தது. வெட்டுப்புள்ளி ஒழுங்கில், நிச்சயமானது முதலில். எல்லாம் கணினியோடு சேர்ந்த படிப்புகள்.

"உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்டேன்.

மாமன் முந்தினார். "கொம்பியூட்டர் படிச்சால் இஞ்சை இருந்துகொண்டே வெளிநாட்டு வேலை செய்யலாம், தம்பி. என்ன, நான் சொல்லுறது பிழையோ?"

"பிழையில்லை ஐயா. நான் பிள்ளையைக் கேக்கிறன்."

பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்குக் கணக்குத்தான் விருப்பம். தனிக் கணக்கு."

"தனிக் கணக்கைப் படிச்சு?" என்றார் மாமன். "ஆருக்குக் கணக்குக் காட்டப்போறாய்?"

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். எனக்கு வாய் உன்னியது. மாமன் சொல்வது சரி பிள்ளை, கணினி விஞ்ஞானத்தைப் போடு, என் தங்கச்சி அதற்காக எவ்வளவு பாடுபட்டாள் தெரியுமா என்று சொல்ல வந்தது. செத்த என் தங்கச்சியின் விருப்பத்தைக் கொண்டுபோய் இந்தப் பிள்ளையின் கட்டத்துக்குள் அடிக்கப் பார்த்தேன். பயத்தில் மாற்றினாலும் மாற்றுவதுதான், அன்பில் மாற்றினாலும் மாற்றுவதுதான். வாயை மூடிக்கொண்டு கைநூலை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்தேன்.

"மாமாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ."

வாசித்தாள். மெல்லிய குரல், ஆனால் தடக்கவில்லை. மாமன் முதலில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரியில் தலை நின்றது.

"பொறு பிள்ளை. திரும்ப வாசி."

திரும்ப வாசித்தாள்.

"அப்ப, கணக்கை முதல் போட்டு அது கிடையாட்டி, நான் எழுதினது ஒண்டும் குறையாதோ?"

"குறையாது மாமா."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. எதையோ தேடுகிற மாதிரிப் பார்த்தார். "தம்பி, போன முறை என்ரை மூத்த மகனுக்கும் இஞ்சைதான் அடிச்சனாங்கள். அவன் கேட்டது கீழை கிடந்தது. வெட்டுப்புள்ளி வரேக்கை, 'அப்பா, எனக்குப் புள்ளி காணுது, ஏன் கிடைக்கேல்லை' எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சவன். 'உனக்கு ராசி இல்லை, விடு' எண்டு நான்தான் சொன்னனான்."

முதலாளி மற்ற மேசையிலிருந்து இருமினார். அந்த இருமலின் அர்த்தம் எனக்குத் தெரியும். மூச்சு விடாதே.

"ராசியாலை இல்லை ஐயா," என்றேன். "பிழையா அடிச்சது. நான்தான் அடிச்சனான்."

அவர் எழும்பி நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தன் கையில் இருந்த தாளை மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார், சேர்ட் பைக்குள் வைத்தார்.

"பிள்ளை, நீ இரு," என்று தன் கதிரையை விட்டு விலகினார். "உன்ரை கையாலை அடி. ஒருத்தரும் தொடவேண்டாம்."

நான் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் அடித்தாள். மாமன் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். முடிந்ததும் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்.

"அவனுக்கு நான் என்னெண்டு போய்ச் சொல்லுறது, தம்பி?"



அன்றைக்குப் பின்னேரம் முதலாளியும் நானும் நன்றாகச் சண்டை பிடித்தோம். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போகிறேன். அப்பாவின் தோள்மூட்டு இனித் தனியாக வலை இழுக்க விடாது. அவரோடு கடலுக்குப் போகப்போகிறேன். வலைக்கண்ணை இரண்டு பேரும் கையால்தான் எண்ணுகிறோம். ஜெனியின் போனைத் திறக்கிற எண் எங்களுக்குத் தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. திரை சனத்தின் பக்கம் பார்க்கட்டும். முதலாளி திருப்பினால் நீங்கள் திருப்புங்கள். தாளை மடித்துக் கையெழுத்துக் கேட்காதீர்கள். பிள்ளையைக் கதிரையில் இருத்துங்கள். உங்களுக்கு எது நல்லதாகத் தெரிந்தாலும் அதை உங்கள் வாய்க்குள் வைத்திருங்கள். கோட் என்று சொல்லாதீர்கள். அங்கே எழுதியிருக்கிற சொல்லைச் சொல்லுங்கள்.

இனி ஆட்கள் வரக்கூடும். அந்த மாமன் போய் நாலு பேருக்குச் சொல்லியிருப்பார். எங்கள் பிள்ளைக்கு இங்கே அடித்தது யார் என்று கேட்டு வருவார்கள். தெரியாது என்று சொல்லாதீர்கள். அந்த ஆள் வேலையை விட்டுவிட்டான் என்று சொல்லித் தப்பவும் வேண்டாம். குருநகரில் எங்கள் வீடு எது என்று முதலாளிக்குத் தெரியும், அவர் சொல்லாவிட்டால் கோயிலடியில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். மத்தியானத்துக்குப் பிறகு நான் கரையில்தான் இருப்பேன். அவர்களை என்னிடம் அனுப்புங்கள்.